என் வலியை அம்மா நம்பினாள்

இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். என் இளைய மகள் தவழத் தொடங்கிய மாதத்தில் என் விரல்கள் மடங்க மறுத்தன. காலையில் எழுந்தால் கை இரண்டும் மரக்கட்டை. மூத்தவளுக்குப் பள்ளிச் சட்டையின் பொத்தானைப் போட முடியாது. தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் நழுவும். மூட்டெல்லாம் வீங்கி, உள்ளே நெருப்பு வைத்ததுபோல் எரியும்.

வெயில் ஏறியதும் கை கொஞ்சம் இளகும். அதுவே எனக்கு வினையானது. யாரும் என்னை நம்பவில்லை.

"என்னா ராணி, காலையில பேர் குடுக்குற பெரட்டுக்கு மட்டும் வந்து நிக்கிற. கூடை நெறைய மாட்டேங்குதே" என்று கங்காணி எல்லார் முன்னாலும் கேட்டார். எடை குறைந்த நாளில் பாதிச் சம்பளம்தான் விழும். அதை நாங்கள் அரைப் பேர் என்போம், முழுச் சம்பளத்தை முழுப் பேர். எனக்கு அரைப் பேரே வழக்கமானது. தோட்டத்து மருந்துக் காம்பராவில் வலி மாத்திரை தந்தார்கள். அது அன்றைக்கு மட்டும் கேட்கும்.

என் கணவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். நல்ல மனிதர். அவரே ஒருநாள் கேட்டுவிட்டார்.

"காலையில முடியலங்குற. மத்தியானம் நல்லாத்தானே நடமாடுற? வேலைக்குப் போக மனசில்லன்னா சொல்லிரு."

வலியைவிட அந்தச் சொல் என்னைக் கொன்றது. கோயிலுக்குப் போய் மாரியம்மா முன்னால் உட்கார்ந்தேன். "கையக் குணமாக்குன்னு கூட கேக்கல தாயே. எனக்கு வலிக்குதுன்னு ஒருத்தராவது நம்பட்டும்" என்று அழுதேன். அந்த வருஷம் மாசித் திருவிழாவில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன்.

திருவிழா அன்று குளிர் அதிகம். குடத்தைத் தலையில் வைத்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கோயில் வாசலுக்கு வந்தபோது மணிக்கட்டு விட்டுப்போனது. குடம் கீழே விழுந்து பால் எல்லாம் மண்ணில் ஓடியது. மேளம் நின்றது. "தீட்டோட வந்திருப்பா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அம்மாவும் என்னைத் தள்ளிவிட்டாள் என்று நினைத்தேன். அந்தப் பாலிலேயே உட்கார்ந்துவிட்டேன். செத்துப்போக வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் வந்தது.

அப்போது ஒரு பெண் என் பக்கத்தில் மண்டியிட்டாள். பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குத் திருவிழாவுக்காக வந்திருந்தவள். நகரத்து ஆஸ்பத்திரியில் தாதி. என் இரண்டு கைகளையும் எடுத்து, ஒவ்வொரு விரலாக மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, காலையில எந்திரிச்சதும் வெரல மடக்க முடியாதா? வெயில் ஏறுனா கொஞ்சம் எளகுமா?"

நான் ஆமென்று தலையாட்டினேன்.

"அப்படித்தான் அக்கா இந்த மூட்டு வருத்தம் இருக்கும். நீங்க பொய் சொல்லல."

கூட்டத்தில் நின்ற என் கணவர் அதைக் கேட்டார். எந்தக் காரணத்தால் என்னைப் பொய்க்காரி என்றார்களோ, அதையே அவள் நோயின் அடையாளம் என்றாள். நான் வாய்விட்டு அழுதேன்.

அடுத்த வாரம் அவளே எங்கள் இருவரையும் டாக்டரிடம் கூட்டிப்போனாள். சிங்களத்தில் டாக்டர் சொன்னதை அவள் தமிழில் சொன்னாள். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே தவறிப்போய் மூட்டுகளைத் தாக்குகிறதாம். முழுதாகத் தீராது, மருந்தால் அடக்கலாம், ஆனால் வளைந்த விரல் நிமிராது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"மறுபடி கொழுந்து எடுக்கலாமா?"

டாக்டர் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இல்லை என்று தலையசைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் என் கணவர் என் கையை மடியில் வைத்துக்கொண்டார். "தெரியாம பேசிட்டேன் புள்ள" என்றார். ஊர் வரும்வரை அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

தோட்டத்தில் என் பேரை எடுத்துவிட்டார்கள். இன்றும் பெண்கள் மலைக்கு ஏறும்போது நான் உள்ளே போய்விடுவேன். பார்க்க முடியாது. காலையில் கணவர் வெந்நீர் வைத்து என் கைகளை அதில் அமிழ்த்துகிறார். பிள்ளைகளுக்குக் கோணல்மாணலாகச் சடை பின்னுகிறார். சின்னவள் என் கையைப் பிடிக்க வந்தால் மூத்தவள் தடுக்கிறாள்: "அம்மாவுக்கு வலிக்கும்டி." அதைக் கேட்கும்போது நெஞ்சு உடைந்துவிடும்.

என் கைகளை மாரியம்மா திருப்பித் தரவில்லை. நான் கேட்டதைத் தந்தாள். என்னை நம்ப ஆள் அனுப்பினாள்.

போன மழைக்காலத்தில் எங்கள் லயத்துக் காஞ்சனா, கல்யாணமாகி வந்த புதுப்பெண், விரல் வீக்கத்தை முந்தானையில் மறைப்பதைக் கண்டேன். அவளுடைய மாமியார் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தை வைத்துக்கொண்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்கள். விரல்கள் வளையவில்லை. இப்போது நன்றாகக் கொழுந்து எடுக்கிறாள்.

தாய்மார்களே, உங்கள் வீட்டில் யாராவது வலிக்கிறது என்றால் நம்புங்கள். மருந்துக்கும் போங்கள், அம்மாவையும் கூப்பிடுங்கள். யாருமே நம்பாத வலி உங்களுக்கு இருந்தால், அதை அவளிடம் சொல்லி அழுங்கள். அவள் கேட்கிறாள். நேற்று காஞ்சனாவுக்கு முழுப் பேர் விழுந்தது.