ஒரு பக்கமாய்ச் சாய்ந்த கிழங்கு

உருளைக்கிழங்கை விசிறி மாதிரி விரியவைத்துச் சுடும் வேலைக்குக் கத்தியைவிட முக்கியம் இரண்டு மரக்கரண்டிகள். கிழங்கைப் பலகையில் நீளவாக்கில் வைத்து, இரண்டு பக்கமும் கரண்டிக் காம்பை அணையாக வைக்க வேண்டும். குறுக்கே மெல்லிசாகச் சீவிக்கொண்டே போனால், அடியைத் தொடுமுன் கத்தி காம்பில் முட்டி நின்றுவிடும். கிழங்கு துண்டாகாது. வெண்ணெயும் பூண்டும் மிளகும் தடவி ஓவனில் வைத்தால் சீவல் சீவலாக விரிந்து, ஓரம் முறுகி, தட்டில் பார்க்கவே அம்சமாக இருக்கும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது செல்போன். செய்யச் சொன்னது என் புருஷன்.

புருஷன் என்று எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன். பரவாயில்லை, எழுதித்தான் ஆக வேண்டும்.

குன்னூர்ப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அவர் டீ மேக்கர். கொழுந்து வாடுவதிலிருந்து தூள் மூட்டை ஏறுவது வரை பேக்டரி அவர் பொறுப்பு. அங்கே அதிர்ந்து பேசாத மனுஷர் என்று பேர். எங்கள் குவார்ட்டர்ஸுக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. அதனால் அவர் மழைக்குக் காத்திருப்பார். வெயில் நாளில் நான் செய்த தப்புக்கும் மழை நாளில்தான் அடி விழும். தகரத்தில் முதல் சொட்டு விழும்போதே கண்ணாடி வளையலைக் கழற்றி வைத்துவிடுவேன். ஊட்டிக்கு வந்தவர்கள் மழையில் கையை நீட்டிக்கொண்டு போட்டோ எடுப்பதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு தடவை வீங்கிய கையைக் காட்டினேன். "மழைச் சத்தத்துல ஒண்ணுமே கேக்குலீயே கண்ணு" என்றாள். ஒரு தடவை வெளியே கிளம்பியும் பார்த்தேன். எஸ்டேட் பாதையில் பாதி தூரம் போவதற்குள் கேட் வாட்ச்மேன் அவருக்குப் போன் பண்ணிவிட்டான். பைக்கில் ஏற்றிக் கூட்டிவந்தார். அன்றைக்கு அவர் மழைக்குக்கூடக் காத்திருக்கவில்லை. அதற்கப்புறம் எனக்கு ஒரே நினைப்புதான். இந்தக் கேட்டை உயிரோடு தாண்டிவிட வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேனேஜரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. எஸ்டேட்டில் மேனேஜரை இன்னமும் துரை என்றுதான் சொல்வோம். மனைவி துரையம்மா. உதவி மேனேஜர் இடம் காலியாக இருந்தது, இவருக்கு அதன்மேல் கண். துரையம்மாவுக்கு எஸ்டேட் அதிகாரிகள் கிளப்பில் கொடுக்கும் விசிறிக் கிழங்கென்றால் உயிர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"சாப்பாட்டுல ஒரு கொறை வந்துச்சுன்னா உன்னைய இங்கியே பொதச்சுப்போடுவேன்" என்றார். செய்யக்கூடிய ஆள்தான்.

காலையில் நல்ல மழை. மார்க்கெட்டில் புதிதாக வந்த கிழங்கை மண் போகக் கழுவி, தோலோடு வெட்ட ஆரம்பித்தேன். கரண்டி ஒன்று நழுவியதில் முதல் கிழங்கு இரண்டாகிவிட்டது. சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். நழுவிய அந்தக் கரண்டியையே எடுத்து, அது முறிகிற வரைக்கும் என் முதுகில் அடித்தார். நான் சிங்க்கில் போய் மோதியதில் உதடு கிழிந்து, கழுவி வைத்த கிழங்கின்மேல் ரத்தம் சொட்டியது.

"கழுவிட்டு வெட்டு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

கழுவினேன். மீதிக் கிழங்கை ஒற்றைக் கரண்டியை அணைவைத்தே வெட்டினேன். அந்தப் பக்கம் கத்தி நின்றது, இந்தப் பக்கம் பலகை வரை இறங்கியது. இன்னொரு பக்கத்துக்குத் தோசைத் திருப்பி இருந்தது, சப்பாத்திக் கட்டை இருந்தது. எதையும் வைக்கவில்லை. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

வெந்தபோது கிழங்கெல்லாம் ஒரு பக்கம் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு, மறுபக்கம் சாய்ந்து கிடந்தது. மல்லித்தழை தூவிப் பரிமாறினேன். மழை கொஞ்சம் விட்டிருந்தது. துரை எஸ்டேட் விளைச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

துரையம்மா கிழங்கை முள்கரண்டியால் திருப்பிப் பார்த்தார். "நானும் வீட்டுல செய்வேன். இது ஏன் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு? ரெண்டு பக்கமும் கரண்டி வைக்கலையா?"

"ஒண்ணுதானுங்கம்மா இருந்துச்சு. இன்னொண்ணை இவரு காலைல என் முதுகுல அடிச்சு ஒடச்சுப்போட்டாருங்க."

என் குரல் எனக்கே கேட்டது. அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

இவர் மூஞ்சி செத்துப்போனது. உடனே சிரித்தார். "இவ எப்பவும் இப்பிடித்தானுங்க சார், வெளையாட்டு." துரையும் சிரித்தார். "வீட்டுக்கு வீடு இதுதானே" என்று இன்னொரு கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவர் மென்று விழுங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் தட்டை அவர் தலையிலேயே கவிழ்க்கலாம் போல் இருந்தது.

துரையம்மா அதற்கப்புறம் சாப்பிடவில்லை. கை கழுவுகிற சாக்கில் சமையலறைக்குள் வந்தார். குப்பைக்கூடையில் கிடந்த முறிந்த காம்பைப் பார்த்தார். என் உதட்டைப் பார்த்தார். "பேக்டரி வளைவுல ஜீப்பை நிறுத்தச் சொல்றேன். நீ வர்ற வரைக்கும் நிக்கும்" என்று காதோரம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜீப் கிளம்பியதும் மழை மறுபடி பிடித்தது. தகரம் அதிர்ந்தது. இவர் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். மேலே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

முடியைப் பிடித்து இழுத்து, அடுப்படி மேடையில் என் நெற்றியை மோதினார். கண் இருட்டியது. இன்னொரு தடவை மோதினால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரிந்தது. ஆறக் கூடாது என்று ஓவனை அணைக்காமல் மீதிக் கிழங்கைத் தட்டோடு உள்ளேயே வைத்திருந்தேன். ஓவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதன் கதவைத் திறந்து, கைப்பிடித் துணியோடு அந்தத் தட்டை உருவி, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத் திரும்பி வீசினேன். கொதிக்கிற வெண்ணெய் அவர் கழுத்திலும் கன்னத்திலும் வழிந்தது. தட்டின் விளிம்பு புருவத்தைப் பிளந்ததில் ரத்தம் என்மேல் தெறித்தது. என் முடியை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உருண்டார். என்னைப் பேர் சொல்லிக் கத்தினார், அவர் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினார், பக்கத்து வீட்டு அக்காவைக்கூடக் கூப்பிட்டார்.

கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் வரவில்லை.

தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வெளியே நடந்தேன். குடை எடுக்கத் தோன்றவில்லை. வளைவில், மூடுபனிக்குள் ஜீப் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. துரை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவே இல்லை. ஏறி உட்கார்ந்தேன். வண்டி நகர்ந்தது. கேட்டில் வாட்ச்மேன் துரைக்குச் சலாம் வைத்துத் திறந்துவிட்டான்.

ரோட்டுக்கு வந்த பிறகுதான் துரையம்மா என் கையைப் பிடித்துச் சேலைத் தலைப்பைப் பார்த்தார். "ஐயோ, இவ்வளவு ரத்தம்! எங்கேம்மா அடிபட்டிருக்கு?"

"இது என்னோடது இல்லீங்கம்மா" என்றேன்.