ஆடாத பைனாகுலர்

பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் சாலையில் நாலு மைல் நடந்திருப்பேன். பின்னால் வந்த பஸ்ஸுக்குக் கை காட்டவில்லை. முதல்நாள் காலைதான் கல் குவாரியைவிட்டுக் கிளம்பியிருந்தேன். சனிக்கிழமை வரை இருந்தால் கூலி தருவதாக மேஸ்திரி சொன்னார். இருக்கவில்லை.

எனக்கு ஆடாத பைனாகுலர் ஒன்று வேண்டியிருந்தது.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். ஆனால் பொட்டலம் கட்டி வரும் காகிதத்தைக்கூடப் படித்துவிடுவேன். அப்படி ஒரு காகிதத்தில், வியாழனைச் சுற்றி நான்கு நிலாக்கள், சாதாரண பைனாகுலரிலேயே புள்ளிகளாகத் தெரியும் என்று போட்டிருந்தது. அது எண்பத்தாறு மார்கழி. பொழுது சாய்ந்ததும் தென்மேற்கில் வியாழன் பளிச்சென்று நிற்கும். இரண்டு மாதத்தில் சூரியனோடு சேர்ந்து மறைந்துவிடும் என்று தர்மபுரி போட்டோ ஸ்டூடியோக்காரர் சொன்னார். அவரிடமே பழைய பைனாகுலர் ஒன்றை வாங்கினேன்.

குவாரிக் கொட்டகையில் பார்த்தபோது வியாழன் புழு மாதிரி நெளிந்தது. என்னோடு கம்ப்ரசர் டிரில் பிடித்துப் பாறையில் துளை போடும் ஏழு பேரும் வாங்கிப் பார்த்தார்கள். உள்ளே ஏதோ கழன்றிருக்கிறது என்று எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தோம். ஸ்டூடியோக்காரர் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்றார். சண்டை போட்டுப் பாதி விலைக்குத் திருப்பிக் கொடுத்தேன். ஆட்டத்தைத் தானே அடக்கிக்கொள்ளும் பைனாகுலர் வெளிநாட்டு ராணுவத்தில் இருக்கிறதாம், அதன் விலைக்கு டிராக்டர் வாங்கலாம் என்று கேலியாகச் சொல்லி அனுப்பினார். ஒகேனக்கல்லில் ஒருவர் காசுக்கு அருவியைக் காட்டுகிறார், அவருடைய கண்ணாடி அசையாது என்று ஒரு லாரி டிரைவர் சொன்னதை நம்பித்தான் இந்த நடை.

மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். அந்த ஆளுக்கு ஐம்பது வயதிருக்கும். பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். எட்டணா கொடுத்துப் பார்த்தேன். அருவி, எதிர்ப்பாறை எல்லாமே நடுங்கின.

“இதுவும் ஆடுதுங்க” என்றேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவிடம் கொடுத்தார். அந்த அம்மா தெளிவாகத் தெரிகிறது என்றார். பிறகு அந்த ஆள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். டிரில் பிடிப்பதைச் சொன்னேன்.

“கண்ணாடி ஆடலப்பா, நீதான் ஆடறே. உங்கையில டீயக் குடுத்தா அதுவுந்தான் ஆடும்.”

குவாரி டீக்கடையில் எங்களுக்கு அரை டம்ளராக இரண்டு தரம் ஊற்றித் தருவார்கள். அந்த ஊர் வழக்கம் அது என்று இரண்டு வருஷமாக நினைத்திருந்தேன்.

திரும்பிப் போகலாமா என்று யோசித்தேன். வேலையை விட்டுவிட்டு வியாழனைப் பார்க்க வந்ததைச் சொன்னதும், அந்த ஆள் இருட்டிக் கூட்டம் குறைந்ததும் வா என்றார். போனேன். மணலில் பரிசல்துடுப்பு இரண்டை ஊன்றி மேலே குறுக்காகக் கட்டியிருந்தார். அந்தக் கவட்டையில் பைனாகுலரை வைத்து, வியாழன் பக்கம் சாய்த்து, துண்டால் இறுக்கினார். கீழே உட்காரச் சொன்னார். பழக்கத்தில் பிடிக்கப் போனேன்.

“கைய மடியில வையி. கண்ண மட்டும் குடு.”

வியாழன் மணிபோல நின்றது. ஒரு பக்கம் இரண்டு புள்ளி, மறுபக்கம் ஒன்று. நாலாவதை எவ்வளவு நேரம் தேடியும் காணவில்லை. அவர் குனிந்து பார்த்துவிட்டு, “இதுக்கா வேலைய உட்டுட்டு வந்தே?” என்றார். ஆமாங்க என்றேன். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அவரே பார்த்துக்கொண்டிருந்தார்.

விலைக்குக் கேட்டதற்கு, அது தன் சோறு என்று சொல்லிவிட்டார். நான் திருப்பிக் கொடுத்தது நல்ல கண்ணாடி. அது இன்னும் விற்காமல் இருந்தாலும் ஸ்டூடியோக்காரர் முழு விலைக்குத்தான் கொடுப்பார்.

அந்த விலையைச் சேர்க்க, மறுநாள் காலை மீன் வறுக்கும் கடைகளில் வேலை கேட்டேன். மூன்றாவது கடைக்கார அம்மா அரிவாள்மனையை எடுத்துத் தந்தார். நான் ஒரு மீனை அறுப்பதற்குள் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“வெரலையும் சேத்து வறுக்கறதுக்கா? ஆடற கைதான, மசாலாவப் பெசறு” என்று மிளகாய்த்தூள் சட்டியை என் பக்கம் தள்ளினார்.

கழுவிய மீன் இரண்டு கூடை இருந்தது. உட்கார்ந்து பிசற ஆரம்பித்தேன்.