அப்பன் ஊட்டின கீரைச்சோறு

கீரை தின்னா ஈய விஷம் முறியும், நெல்லிக்காய் தின்னா ரத்தம் சுத்தமாகும்னு இப்பல்லாம் ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல வந்துடறாங்க. கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். எங்க அக்கா வீட்டுல இல்லாத கீரையா?

எழுபதுகளோட கடைசி. அக்கா புருஷன், எங்க அத்தான், ரப்பர் தோட்டத்து வேலையை விட்டுட்டுப் பாடாங் செராய் டவுன்ல ஒரு பேட்டரிப் பட்டறையில சேர்ந்திருந்தார். பழைய லோரி பேட்டரியை உடைச்சு, உள்ளே இருக்கிற ஈயத்தை உருக்குற வேலை. கொஞ்ச நாள்ல வயித்து வலி, கை நடுக்கம். முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. பக்கத்து ஊர் கூலிம்ல பார்த்த டாக்டர், "ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கு. வேலையை விடு. கீரை, பழம், பால்னு நல்லா சாப்பிடு"ன்னார். வேலையை விட்டா அடுப்பு எரியாது. அதனால அக்கா சாப்பாட்டைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா.

அடேயப்பா, என்ன சமையல்! முருங்கைக்கீரையில பூண்டைத் தட்டிப் போட்டுப் பொரியல், நெல்லிக்காய்ப் பச்சடி, பாசார்ல, அதான் சந்தையில, தேடி வாங்கின கொய்யாப்பழம். மத்தியானம் அத்தான் சைக்கிள்ல வீட்டுக்கு வந்து, குழாயடியில கையை ஒரு அலசு அலசிட்டு உட்காருவார். மூணு வயசு மக மடியில ஏறிக்கும். அப்பன் பிசைஞ்சு உருட்டிக் குடுத்தாத்தான் அது வாயைத் திறக்கும். "நல்ல சாப்பாடுலா, பிள்ளைக்கும் ரெண்டு வாய் சேர்த்துக் குடுங்க"ன்னு அக்காவே சொல்லுவா. பார்க்க எனக்கும் ஆசையா இருக்கும். அத்தான் நகக்கண்ணுல இருந்த கறுப்பை யாரும் பெருசா நினைக்கலை. உழைக்கிற கை அப்படித்தானே இருக்கும்.

பிள்ளைக்கு முதல்ல வாந்தி, அப்புறம் வலிப்பு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். டாக்டர் அத்தான் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளைக்கு யாரும்மா ஊட்டுவாங்க?"

"அவங்க அப்பாதான், டாக்டர். வேற யார் குடுத்தாலும் தின்னாது." அக்கா அதைப் பெருமையாத்தான் சொன்னா, பாவி மக.

டாக்டர் மெதுவா எடுத்துச் சொன்னார். சாப்பாட்டுல குத்தமில்லை. கையில ஒட்டியிருந்த ஈயத்தூள் சோத்தோட சேர்ந்து உள்ளே போயிருக்கு. அந்தச் சின்ன உடம்புக்குள்ள போனதை எந்தக் கீரையும் தடுக்கலை. அக்கா சுவத்துல சாஞ்சு அப்படியே உட்கார்ந்துட்டா. எனக்கு யாரைத் திட்டறதுன்னே தெரியலை.

மறுநாள் பிள்ளை கொஞ்சம் கண் முழிச்சுது. நர்ஸம்மா கஞ்சி கொண்டாந்தாங்க. அக்கா கரண்டியை நீட்டினா, முகத்தைத் திருப்பிக்கிச்சு. அப்பனைப் பார்த்து வாயைத் திறந்துச்சு. அத்தான் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டு நின்னார். பிள்ளை வாயைத் திறந்தபடியே அவரைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் பிள்ளை வெறும் வயித்தோடதான் போய்ச் சேர்ந்துச்சு.