வெட்டாமல் விட்ட கை

படத்தொகுப்பு வேலையில் இருந்துகொண்டு வெட்டத் தயங்குகிறவள் என்று வெல்காவுக்கு லாத்வியத் தலைநகர் ரீகாவில் ஒரு பெயர் உண்டு. பேசுகிறவர் பேசி முடித்த பிறகும் காட்சியை ஓடவிடுவாள். அவர் மூக்கைச் சொறிவார், ஜன்னலைப் பார்ப்பார், மேஜை விரிப்பைத் தடவிக்கொண்டிருப்பார். எல்லாம் ஓய்ந்த பிறகுதான் வெட்டுவாள். அவள் தொழில் கற்ற இடம் அப்படி. சோவியத் காலத்தில் வாய்விட்டு எதையும் சொல்ல முடியாத ஆவணப்படக்காரர்கள், கையையும் முதுகையும் காட்டியே சொல்ல வேண்டியதைச் சொல்லப் பழகினார்கள். அந்த ஆட்சி போய்விட்டது. பழக்கம் போகவில்லை.

வென்ட்ஸ்பில்ஸ் துறைமுகத்தில் பிறந்தவள். அப்பா மீன்பிடிக் கப்பலில், அம்மா மீன் டப்பா ஆலையில். படிப்பு ஏறாமல் ரீகாவுக்கு வந்து, ஸ்டுடியோவில் பிலிம் ஒட்டும் வேலையில் சேர்ந்தாள். நாட்டுக்கு விடுதலை வந்தது, ஸ்டுடியோவுக்குப் பூட்டு வந்தது. புருஷன் அயர்லாந்துக்குக் காளான் பறிக்கப் போனவன், அங்கேயே ஒருத்தியைப் பார்த்துக்கொண்டு தங்கிவிட்டான். வெல்கா அழுது புரண்டதாக யாரும் சொல்லவில்லை. கல்யாண வீடியோ வெட்டினாள், தயிர் விளம்பரம் வெட்டினாள், வாடகையைக் கட்டினாள்.

அவளை மறுபடி படத்துக்கு இழுத்து வந்தவர்கள் இரண்டு பேர். எஸ்டோனியாவின் தாலினில் இருந்த தயாரிப்பாளர் உர்வே, லிதுவேனியாவின் கௌனாஸில் இருந்த இயக்குநர் ரிம்விதாஸ். மூன்றும் கையளவு நாடுகள். ஒரு நாடு தனியாக நின்று ஒரு படம் எடுப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். அதனால் லிதுவேனியா படம்பிடிக்கும், எஸ்டோனியா ஒலியைப் பார்த்துக்கொள்ளும், லாத்வியா வெட்டி ஒட்டும். மூவரும் கூடினால் பேசுவது ரஷ்ய மொழி. மூவருக்கும் பொதுவாகத் தெரிந்தது அதுதான், மூவருக்கும் பிடிக்காததும் அதுதான். காபிக் கடையில் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

வெல்காவின் தொகுப்பு அறையில் கருப்பு ரொட்டியும் சீரகச் சீஸும் எப்போதும் இருக்கும். சண்டையும் இருக்கும்.

"உர்வே, போன வருஷம் நான் கேட்ட கேள்விக்கு இப்பத்தான் பதில் சொல்றியா?" என்பான் ரிம்விதாஸ். எஸ்டோனியர்கள் எதற்கும் அவசரப்பட மாட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு.

"நான் மெதுவா யோசிக்கிறவதான். உனக்கு அந்தத் தொந்தரவே கிடையாதே!" என்று உர்வே திருப்பிக் கொடுப்பாள். பிறகு வெல்காவின் பக்கம் திரும்புவாள். "ஏன்டி, கால்ல ஆறு விரலை வெச்சுக்கிட்டு நீ எந்தக் கடையில பூட்ஸ் வாங்குற?"

லாத்வியர்களுக்குக் காலில் ஆறு விரல் என்பது எஸ்டோனியர்களின் பழைய கேலி. வெல்கா ஒரு தடவை பூட்ஸைக் கழற்றி மேஜைமேல் காலைத் தூக்கி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகும் கேலி நிற்கவில்லை.

இந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ஃபைனா வந்தாள்.

நார்வா ஆற்றுக்கு இந்தப் பக்கம் எஸ்டோனியா, அந்தப் பக்கம் ரஷ்யா. ஃபைனா அந்தப் பக்கத்துக்காரி. போரில் காயம்பட்ட சிப்பாய்களின் துணி வரும் ஒரு மருத்துவமனைச் சலவைச்சாலையில் வேலை. அவள் அம்மா இந்தப் பக்கம் நார்வா ஊரில் படுத்த படுக்கை. அதனால் வாரம் ஒருமுறை பாலத்தை நடந்தே கடந்து வர அவளுக்கு அனுமதி இருந்தது. அம்மா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அவள் பேசினாள். என்ன வயசுப் பையன்களின் சட்டை வருகிறது, சட்டைப் பையில் என்னென்ன இருக்கிறது, எதைத் துவைக்காமல் எரிக்கச் சொல்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். ரிம்விதாஸ் கேமராவுக்குப் பின்னால் நின்று அழுதுவிட்டான்.

அவள் கேட்டது ஒன்றுதான். "நான்னு தெரியக் கூடாது. எனக்கு ஒரு பையன் இருக்கான்."

"தெரியாது," என்று மூன்று பேரும் சொன்னார்கள். மனதாரத்தான் சொன்னார்கள்.

முகத்தை இருட்டாக்கினார்கள். குரலை எடுத்துவிட்டு லாத்வியாவில் ரஷ்ய மொழி புழங்கும் டௌகாவ்பில்ஸ் ஊரிலிருந்து ஒரு நடிகையைப் பேசவைத்தார்கள். சுவரில் இருந்த நாட்காட்டியை அழித்தார்கள், திரைச்சீலையின் பூவை மாற்றினார்கள், கொதிகெண்டியைக்கூட விடவில்லை. ஆனால் பேசி முடித்ததும் ஃபைனா மேஜை விரிப்பின் மேல் கையை வைத்து, துணியை மடிப்பதுபோலத் தடவிக்கொண்டே இருந்தாள். வலது கட்டை விரல் நகம் அடி வரைக்கும் இரண்டாகப் பிளந்திருந்தது. துணி பிழியும் உருளை என்றைக்கோ கவ்விய அடையாளம். வெல்கா அந்தக் காட்சியை ஓடவிட்டாள். பேச்சு முழுவதையும்விட அந்தக் கை பெரிதாக இருந்தது. மூன்று பேரில் ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. முகம்தான் ஆள், கை என்றால் கலை என்று மூன்று பேருமே நினைத்துப் பழகியவர்கள்.

இலையுதிர் காலத்தில் ரீகாவில் பல நாட்டுத் தொலைக்காட்சிக்காரர்கள் கூடும் சந்தை. ஒவ்வொரு குழுவும் தன் படத்தின் சிறு முன்னோட்டத்தைப் போட்டுக்காட்டிப் பேச வேண்டும். வெல்கா தன் முன்னோட்டத்தை அந்தக் கையில் முடித்திருந்தாள். விளக்குப் போட்டதும் கைதட்டல் எழுந்தது. பின்லாந்துக்காரி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தில் முன்னோட்டத்தைத் தங்கள் மூன்று இணையதளங்களிலும் அவர்களே ஏற்றினார்கள். அன்றைக்கு வெல்காவுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை.

நவம்பரில், வெளிச்சம் மதியத்தோடு முடிந்துபோகும் ஒரு நாளில், உர்வே போன் செய்தாள்.

"வெல்கா, நெல்லி பாத்துட்டா."

"யாருடி நெல்லி?"

"ஃபைனாவுக்கு எதிர்வீட்டுக்காரி. பாலம் தாண்டி வந்து சீஸ் வாங்கிட்டுப் போறவ. இங்க யாரோ போன்ல போட்டுக் காட்டியிருக்காங்க. பாத்த உடனே, 'அட, இது நம்ம ஃபைனா நகமாச்சே'ன்னாளாம். கடையில எல்லார் முன்னாடியும்."

வெல்கா எழுந்துவிட்டாள். கோட்டை எடுத்தாள்.

"ஃபைனா எங்க?"

"நார்வாவுலதான், அம்மாகிட்ட. நாளைக்குத் திரும்பிப் போகணும். கிளம்பி வா."

மூன்று தளங்களிலிருந்தும் முன்னோட்டத்தை எடுத்தார்கள். எடுத்து என்ன பயன், பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். வெல்கா பஸ் பிடித்துத் தாலின் போய், உர்வேயோடு நார்வாவில் இறங்கினாள். பாலத்தடியில் சக்கரப் பைகளோடு வரிசை நின்றிருந்தது. எல்லாரும் மூக்குவரை மஃப்ளரைச் சுற்றியிருந்தார்கள். எல்லைச் சோதனைக்காரனின் கண்ணாடிக் கூண்டின் முன்னால் போனதும் ஒவ்வொருவராகக் கையுறையைக் கழற்றி, கட்டை விரலால் அழுத்தி பாஸ்போர்ட்டை உள்ளே தள்ளினார்கள். வெல்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கூண்டில் உட்கார்ந்திருப்பவன் நாள் முழுக்கப் பார்ப்பது கையைத்தான். அக்கரையிலும் இதே கூண்டு, இதே கண்ணாடி.

சமையலறையில் ஃபைனா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று வெல்காவுக்குத் தோன்றியது.

"இங்கேயே இருந்துடுங்க," என்றாள் உர்வே. "அனுமதி, வக்கீல் எல்லாத்துக்கும் நான் அலையறேன். போகாதீங்க."

"என் பையன் கேனாவுக்குப் பத்தொன்பது வயசு," என்றாள் ஃபைனா. "நான் திரும்பலைன்னா அவனைத்தான் கூட்டிட்டுப் போவாங்க. ஜெயிலுக்குன்னா நெனைக்கிறீங்க? நான் துவைக்கிற துணி எங்கேருந்து வருதோ, அங்க."

பக்கத்து அறையில் அம்மாவின் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. உர்வே கௌனாஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"நகத்தை ஒட்ட வெட்டிடச் சொல்லு," என்றான் ரிம்விதாஸ்.

"வேர் வரைக்கும் பிளவு தம்பி. வெட்டினாலும் தெரியும்," என்றாள் ஃபைனா.

"அப்ப ஒரு துணியைச் சுத்திக்குங்க."

"அவுத்துக் காட்டுன்னு சொல்லுவான். அவங்களுக்கு அதுதான வேலை." ஃபைனா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவுத்தா அங்க நகம் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

எழுந்துபோய்ச் சரக்கறைக் கதவைத் திறந்தாள். கீல் இருக்கும் பக்கத்தில் இடுக்கில் கட்டை விரலை வைத்தாள்.

"உர்வேம்மா மயங்கி விழுந்துடுவாங்க. நீங்க வாங்க."

"என்னால முடியாது," என்றாள் வெல்கா.

"அந்தக் கையை அப்படியே விட்டது நீங்கதானே? வாங்க. நானே சாத்தினா பாதியில இழுத்துக்குவேன்."

ரிம்விதாஸ் போனில் "என்ன நடக்குது? என்ன பண்றீங்க?" என்று கத்திக்கொண்டிருந்தான். உர்வே போனை அணைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெல்கா கதவின் மேல் இரண்டு கையையும் வைத்தாள். தயங்கினால் இரண்டாவது தடவை செய்ய வேண்டியிருக்கும் என்று தெரிந்தது. சாத்தினாள்.

ஃபைனா அலறவில்லை. எட்டி இழுத்த மேஜை விரிப்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். உர்வே கட்டுப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்த ஃபைனா, "இப்ப அவுக்கச் சொல்லட்டும்," என்றாள். அதில் ஒரு சிரிப்புகூட இருந்தது.

மறுநாள் இருவரும் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். அவள் பையை இடது கையில் இழுத்துக்கொண்டு, கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அக்கரைக் கதவு அவளை உள்ளே வாங்கிக்கொண்டது. அன்று மாலையே அம்மாவுக்குப் போன் வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டாள், கேனா சூப் வைத்திருக்கிறான், கையைக் கதவில் நசுக்கிக்கொண்டதற்கு அவனிடம் திட்டு வாங்கினாள்.

உர்வே வெல்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். வெல்கா ரீகாவுக்குத் திரும்பி, படத்தில் எங்கெல்லாம் அந்தக் கை இருந்ததோ அங்கெல்லாம் வெட்டினாள். மூலப் பிரதியையும் அழித்தாள். ரிம்விதாஸும் போனில் சரி என்றான். படம் சப்பென்று ஆகிவிட்டது, ஆகட்டும். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள். தப்பிக்கவைத்துவிட்டோம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

அடுத்த வாரம் ஃபைனா வரும் நாளில் அவளைப் பார்க்காமல் இருப்புக்கொள்ளவில்லை. வலிக்கு மாத்திரையும் புதுக் கட்டுத்துணியும் வாங்கிக்கொண்டு போய் நார்வாவில் அம்மாவின் மாடி வீட்டுக்குக் கீழே, வாசலில் நின்றாள். உர்வேயும் வந்திருந்தாள். ஃபைனா வரவில்லை. சக்கரப் பையை இழுத்துக்கொண்டு ஒரு பருத்த பெண் வந்தாள். கையில் புளூபெரி ஜாம் ஜாடி.

"நீங்க யாரு?" என்று கேட்டாள்.

"ஃபைனாவோட சிநேகிதிங்க."

"நான் நெல்லி. இந்த ஜாம் அவ அம்மாவுக்குப் போட்டு வெச்சிருந்தா. என்கிட்ட அவ வீட்டுச் சாவி இருந்துச்சு, எடுத்துட்டு வந்தேன்." நெல்லி படியில் உட்கார்ந்தாள். "சலவைச்சாலைக்கு உளவுத்துறை ஆளுங்க வந்தாங்க. பொம்பளைங்க எல்லாரையும் நிக்கவெச்சு, கையை மேஜை மேல வைங்கடின்னானுங்க."

"நகத்தைப் பாக்கவா?" என்றாள் உர்வே.

"ஆமா. யாரு போய்ச் சொன்னாங்களோ தெரியாது." நெல்லி கீழே பார்த்துக்கொண்டு சொன்னாள். "பிளந்த நகம் அங்க ஒருத்திக்கா இருக்கு? அந்த உருளை மெஷின்ல நிக்கிறவ பாதிப் பேருக்கு அப்படித்தான். நாலு பேரை நிறுத்தி விசாரிச்சானுங்க, ஒண்ணும் தேறலை, விட்டுட்டானுங்க. கிளம்புற நேரத்துலதான் ஒருத்தன் கட்டைப் பாத்தான். மத்தவங்க கையெல்லாம் எப்பவும் இருக்கிற மாதிரி இருக்கு. புதுசா நசுக்கினது இவ ஒருத்திதான். எப்பப் பட்டதுன்னு கேட்டான். பாஸ்போர்ட்டை வாங்கிப் பாலம் தாண்டின தேதியைப் பாத்தான், பட்டது அவ இங்க இருந்த நாள்லதான். அப்படியே கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"கேனா?"

"அன்னிக்குச் சாயங்காலமே."

 மாடியிலிருந்து தொலைக்காட்சிச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"சும்மா இருந்திருந்தா தப்பிச்சிருப்பா," என்றாள் நெல்லி. "பயத்துல அவளுக்கு அது தோணியிருக்காது. கூட இருந்தவங்களுக்குமா தோணலை? கதவுல நசுங்கிச்சுன்னாளே, அந்தக் கதவை அவ தானா சாத்திக்கிட்டாளா, வேற யாராச்சும் சாத்தினாங்களா?"

"நான்தான் சாத்தினேன்," என்றாள் வெல்கா.

நெல்லி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஜாம் ஜாடியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"அப்ப மேல போயி, அந்தம்மாகிட்டயும் நீங்களே சொல்லுங்க. காலையிலேருந்து மகளை எதிர்பாத்துக்கிட்டு இருக்காங்க."

வெல்கா படியேறினாள்.