அம்மா சொல்லித் தராத பேச்சு

எங்கள் வீட்டில் ஒத்திகை இல்லாமல் எதுவும் நடந்ததில்லை. அம்மா பள்ளி ஆசிரியை. பேச்சுப் போட்டி, ஒப்புவித்தல் போட்டி, மாறுவேடப் போட்டி என்று பள்ளியில் எதை அறிவித்தாலும் முதல் ஆளாக என் பெயரைக் கொடுத்துவிட்டு, அப்புறம் என் உயிரை வாங்குவாள். எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும், எந்த வரிக்குக் கையை உயர்த்த வேண்டும், முடிக்கும்போது எப்படிக் குனிய வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் பயிற்சி உண்டு. வாய் தவறி ‘இன்னா’ என்று வந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வீட்டில் அம்மா உட்பட எல்லோருக்கும் ‘இன்னா’தான், மேடையில் மட்டும் ‘என்ன’. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட யாரிடம் என்ன பேச வேண்டும், பந்தியில் எதை இரண்டாம் தரம் கேட்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே பாடம் நடக்கும்.

நான் நான்காம் வகுப்புக்குப் போகும்வரை நாங்கள் மாமல்லபுரத்தில் அப்பாவின் வீட்டில் இருந்தோம். அப்பா சுற்றுலாக்காரர்களுக்குக் கார் ஓட்டினார். அவருடைய அக்கா, அதாவது என் அத்தை, வீட்டின் முன்பகுதியில் சிப்பி மாலையும் சங்கு பொம்மையும் விற்றார். அத்தைக்குப் பிள்ளை கிடையாது. அம்மா பள்ளிக்குப் போயிருக்கும் நேரமெல்லாம் என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எங்கே முறிந்தது என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. பெரியவளான பிறகு இருவரிடமும் கேட்டேன். ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அந்த வருடக் கோடை விடுமுறையில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டில் ஒரு மாடிப் போர்ஷனுக்குக் குடி வந்துவிட்டாள். மொட்டை மாடியில் நின்றால் கொளவாய் ஏரியும் அதை ஒட்டிப் போகும் ரயிலும் தெரியும். எனக்கு அந்த வீடு பிடித்திருந்தது. அப்பா எப்போது வருவார் என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அப்பா வரவில்லை, கோர்ட்டு சம்மன்தான் வந்தது. என்னைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி அப்பா மனு போட்டிருந்தார். மாடிப்படியில் உட்கார்ந்து அதைப் படித்த அம்மா, கீழ் வீட்டு அக்காவிடம், “பாப்பா கஸ்டடி கேக்குறாங்க” என்றாள். எனக்குத் தெரிந்த ஒரே கஸ்டடி, டிவி செய்தியில் திருடர்களை முகத்தை மூடி அழைத்துப்போகும் கஸ்டடி.

“நான் இன்னாம்மா பண்ணேன்?” என்று கேட்டேன்.

“நீ ஒண்ணும் பண்ணல கண்ணு” என்று சொல்லிவிட்டு அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். எனக்குப் பயமாக இருந்தது.

வக்கீல் வைப்பது எப்படி என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அவளோடு வேலை பார்த்த கணக்கு டீச்சர்தான், கோர்ட்டு வளாகத்திலேயே இலவச சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது, அங்கே போ என்றார். அம்மா இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பினாள். இலவசம் என்றால் ஏழைகளுக்குத்தானே, மாதச் சம்பளம் வாங்குகிற நான் எப்படிப் போய் நிற்பது என்று அவளுக்குக் கூச்சம். மூன்றாம் முறை என்னையும் கூட்டிப்போனாள். அம்மா தன் வேலையையும் சம்பளத்தையும் தயங்கித் தயங்கிச் சொன்னதும், மேஜையில் இருந்த பெண்மணி அவளை நிமிர்ந்து பார்த்து, “பொம்பளைங்களுக்கு இன்னா சம்பளம்னு இங்க யாரும் கேக்க மாட்டாங்க டீச்சர், ஒக்காருங்க” என்றார். அம்மா உட்கார்ந்ததும் அழுதுவிட்டாள்.

எங்களுக்கென்று ஒரு வக்கீலம்மாவைக் கொடுத்தார்கள். கட்டைக் குரல், வேகமான பேச்சு. தான் சொன்னதை அம்மாவையே திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பார். முதலில் இரண்டு பேரையும் கவுன்சிலிங்குக்கு அனுப்புவார்கள், அதில் ஒத்துப்போகாவிட்டால் விசாரணை. கேஸ் முடியும்வரை அப்பா குழந்தையைப் பார்ப்பதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. கடைசியில் நீதிபதி குழந்தையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார் என்றார். “அப்பன் பெருசா ஆத்தா பெருசான்னு கோர்ட்டு பாக்காது டீச்சர். புள்ளைக்கு எது நல்லதுன்னுதான் பாக்கும்.” அம்மா நல்ல மாணவி மாதிரி அதைத் திருப்பிச் சொன்னாள்.

அப்புறம் வக்கீலம்மா என்னைக் குமாஸ்தாவோடு கரும்பு ஜூஸ் குடிக்க அனுப்பிவிட்டார். நான் வெளியே போனபின் அவர் அம்மாவிடம் சொன்னது எனக்குத் தெரிய வரும்போது நான் கல்லூரியை முடித்திருந்தேன். “பாப்பாவுக்கு ஒரு வார்த்த சொல்லிக் குடுக்காதீங்க. என்கூட இருக்கியான்னுகூட கேக்காதீங்க. சொல்லிக் குடுத்த புள்ள வாயத் தொறந்ததுமே ஜட்ஜுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் நாம எவ்ளோ பேசினாலும் எடுபடாது.” அம்மா அதையும் திருப்பிச் சொல்லியிருப்பாள். ஒரு சொல் பிசகாமல் கடைப்பிடித்தாள்.

கவுன்சிலிங்கில் ஒன்றும் ஆகவில்லை. வழக்கு முடியும்வரை சனிக்கிழமைகளில் நான் அப்பாவோடு இருக்க வேண்டும் என்று உத்தரவானது. காலையில் அம்மா என்னைத் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் கூட்டிப்போய் மாமல்லபுரம் பஸ் நிலையத்தில் விடுவாள். சாயங்காலம் அப்பா கொண்டுவந்து விடுவார். மாமல்லபுரத்தில் சனிக்கிழமைதான் சவாரி குவியும் நாள். அத்தனையையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு அப்பா நாள் முழுக்க என்னோடு கடற்கரையில் உட்கார்ந்திருப்பார். திரும்பும்போது கால் இடுக்கில் மணல் இருந்தால் அம்மா திட்டுவாள் என்று பாட்டில் தண்ணீரில் என் கால்களைக் கழுவித் தன் சட்டையில் துடைப்பார். அப்பாவைக் கெட்டவராக வைத்து இந்தக் கதையைச் சொல்ல என்னால் முடியாது.

பயிற்சி கொடுத்தது அத்தை. மத்தியானம் சாப்பிட்டதும் கடையில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். “ஜட்ஜு கேட்டா எங்கப்பா கூடத்தான் இருப்பேன்னு சொல்லணும், இன்னா? அம்மா வேலைக்குப் பூடறாங்க, நான் தனியா குந்திகினு கீறேன்னு சொல்லு. உன்ன வுட்டா அத்தைக்கு யாரு கீறாங்க கண்ணு?” என்பார். கடைசி வாக்கியம் வரும்போது நிஜமாகவே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஒரு தடவை அப்பா காதில் விழுந்துவிட்டது. “ஏன்க்கா கொழந்தைய போட்டு பேஜாரு பண்ற?” என்றார். அவ்வளவுதான், கார் துடைக்கப் போய்விட்டார்.

எனக்கோ அது பேஜாராகவே இல்லை. மனப்பாடம் எனக்குக் கை வந்த கலை. அத்தை பேச்சில் சொன்னதை நானே மேடைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டேன். முன்னால் விளிச்சொல், பின்னால் நன்றி வணக்கம் என்று அம்மா பழக்கியபடி அலங்காரமும் செய்துவிட்டேன். சங்கு பொம்மைகளுக்கு முன்னால் நின்று பேசிக் காட்டியபோது அத்தை திருஷ்டி சுற்றினார். அம்மாகிட்ட சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். ஏனென்றால் அம்மாவும் ஒரு பேச்சு வைத்திருப்பாள், அது அத்தையுடையதைவிட நன்றாக இருக்கும், அதைத்தான் பேசப் போகிறேன் என்று எனக்குள் முடிவே செய்திருந்தேன். அம்மா ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தேன். ஒரு ஞாயிறு போனது, இன்னொன்றும் போனது. சமைத்தாள், தலை பின்னினாள், வீட்டுப் பாடம் பார்த்தாள். கோர்ட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. நீதிபதி கூப்பிட்ட நாளுக்கு முந்தின சாயங்காலம் அவள் என் நீலப் பாவாடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது நானே கேட்டுவிட்டேன்.

“அம்மா, ஜட்ஜ் சார்கிட்ட நான் இன்னா சொல்லணும்?”

“உனக்கு இன்னா தோணுதோ அத சொல்லு.”

“நீ சொல்லித் தர மாட்டியா?”

“மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, தேய்த்து முடித்த பாவாடையையே மறுபடி திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

காய்கறி வேஷம் போடுகிற போட்டிக்கு ராத்திரியெல்லாம் கண்விழித்து எனக்குக் கத்தரிக்காய்க் காம்பு தைத்தவள் இவள். மூன்றாம் பரிசு வந்ததற்கு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள். இந்தப் போட்டியில் பரிசே நான்தான் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதற்கு அம்மா பெயர்கூடக் கொடுக்கவில்லை என்றால், அவளுக்கு நான் தேவையில்லை. ஒன்பது வயதில் எனக்கு வேறு கணக்குப் போடத் தெரியவில்லை. அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, சத்தம் வராமல் அழுதேன்.

நீதிபதியின் அறை நான் நினைத்த மாதிரி பயமாக இல்லை. மேஜையில் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இருந்தது. நீதிபதி என் பள்ளியைப் பற்றிக் கேட்டார், ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். அப்புறம், “ஏதாவது சொல்லணுமாம்மா?” என்றார். நான் எழுந்து நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். கால்களைச் சேர்த்து வைத்துக் கைகூப்பினேன்.

“மாண்புமிகு நீதிபதி ஐயா அவர்களே, தங்களுக்கு என் பணிவான வணக்கம். என் அப்பாவே என் உயிர். அம்மா வேலைக்குச் சென்றுவிடுவதால் நான் தனிமையில் வாடுகிறேன்…” என்று தொடங்கி, ‘உயிர்’ வந்த இடத்தில் கையை நெஞ்சில் வைத்து, எங்கும் தடுக்காமல் பேசி, “வாய்ப்புக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்” என்று முடித்தேன்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“நல்லா பேசுறியேம்மா. யாரு சொல்லிக் குடுத்தாங்க?”

பரிசு வாங்கும்போது பயிற்சி தந்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதும் அம்மா பழக்கியதுதான். “அத்தை சார்” என்றேன்.

“அம்மா என்ன சொல்லிக் குடுத்தாங்க?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் மனப்பாடம் இல்லை. “ஒண்ணுமே சொல்லித் தரல” என்று ஆரம்பித்தேன், உடைந்துவிட்டேன். “எல்லாப் போட்டிக்கும் சொல்லித் தருவாங்க சார். இதுக்கு மட்டும் மாட்டேன்னுட்டாங்க. நானா போயி கேட்டேன், அப்பவும் மாட்டேன்னுட்டாங்க.” மேடையில் பேசக் கூடாத ‘இன்னா’வெல்லாம் வந்தது. மூக்கு ஒழுகியது.

“சொல்லிக் குடுத்திருந்தா என்ன சொல்லியிருப்ப?”

“அம்மா கூடத்தான் இருப்பேன்னு சொல்லியிருப்பேன். அவங்களுக்குத்தான் நான் வேணாமே.”

அவர் மணியடித்து எனக்குத் தண்ணீர் வரவழைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் என்னை வெளியே அனுப்பினார். அம்மா மீது ஒரு பெரியவரிடம் புகார் சொல்லிவிட்டு வந்ததாகத்தான் நான் நினைத்தேன். அம்மாவுக்கு அதைவிடப் பலமான சாட்சியை யாராலும் கொண்டுவந்திருக்க முடியாது என்று வக்கீலம்மா பிற்பாடு என்னிடம் சொன்னார். அன்றைக்கு அவரும் எதையும் சொல்லவில்லை. அம்மா என்னிடம் உள்ளே என்ன நடந்தது என்று கேட்கவேயில்லை. அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அந்த வருடம் எந்தப் போட்டிக்கும் நான் பெயர் கொடுக்கவில்லை.

சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. என்னை விட்டுவிட்டு வர ஆளில்லாமல் அம்மா கோர்ட்டுக்கு என்னையும் கூட்டிப்போயிருந்தாள். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் வெளியே வந்தார்கள். வக்கீலம்மா அம்மாவின் தோளைப் பிடித்து, “பாப்பா உங்ககூடத்தான் டீச்சர். சனிக்கிழமை அப்பாகிட்ட, பெரிய லீவுல பாதி நாள் அங்க. திருப்பிச் சொல்லுங்க பாக்கலாம்” என்றார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அப்பா என் முன்னால் குந்தி உட்கார்ந்து, என் சட்டைக் காலரைச் சரிசெய்து, “சனிக்கெழம வரேன்” என்று மட்டும் சொன்னார். அவர் கண்கள் சிவந்திருந்தன. அத்தை தாங்கமாட்டாமல் அழுதுகொண்டே அம்மாவைப் பார்த்து, “கொழந்தைக்கு நல்லா சொல்லிக் குடுத்து அனுப்பிட்ட இல்ல நீ?” என்று கத்தினார்.

அவர்கள் போனதும் அம்மா அந்த வராந்தாப் படியிலேயே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அம்மா அப்படி வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. போகிற வருகிறவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வேண்டாம் என்று பேசாமல் இருந்தும் இந்தப் பிள்ளை நம் தலையிலேயே விழுந்துவிட்டதே என்று அழுகிறாள் என்று எனக்குப் பட்டது. அம்மாவை நினைத்துப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் அவள் முழங்கையைத் தொட்டேன்.

“அழாதம்மா. நான் வேணும்னா அத்தை வூட்டுக்கே பூடறேன்” என்றேன்.

அம்மா என்னை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, முன்னைவிடப் பலமாக அழுதாள். நான் நினைத்தது சரிதான் என்று எனக்கு அப்போது உறுதியாகிவிட்டது.