வளர்மதி கண்டுபிடித்த வீடுகள்

செவ்வாய்க்கிழமை காலை, மூலக்குளத்தில் எங்கள் அலுவலகத்தின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது வளர்மதியின் கணவர் அன்பு போன் செய்தார். "சார், வளரு போயிட்டா" என்றார். சனிக்கிழமை மதியம் தலைவலி என்று சீக்கிரம் கிளம்பிப் போனவர். மூளையில் ரத்தக்கசிவாம். நாற்பது வயதுகூட ஆகவில்லை. எங்கே வரவேண்டும் என்று அன்புவிடம் கேட்டேன். வீடு உப்பளத்தில் என்பது மட்டும் தெரியும், தெரு தெரியாது. நான்கு வருடங்களாக எதிரெதிரே உட்கார்ந்து ஊரில் உள்ளவர்களின் வீடுகளைத் தேடிக்கொண்டிருந்தோம். அவருடைய வீட்டை நான் கேட்டதே இல்லை.

எங்கள் வாடிக்கையாளர்களாக இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரை நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். குரலைக் கேட்டிருப்பீர்கள். "நீங்க எழுதுன அட்ரஸ்ல ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆரம்பிக்கும் அந்தக் குரல். வீட்டில் நோயாளி இருப்பவர்கள் எங்கள் இணையதளத்தில் முகவரியைப் பதிந்தால் நர்ஸோ, பிசியோதெரபி செய்பவரோ, ஆக்சிஜன் மெஷினோ வீடு தேடி வரும். வருகிறவரின் போனில், வரைபடத்தின் மேல், அந்த வீடு ஒரு புள்ளியாகத் தெரிய வேண்டும். மக்கள் எழுதும் முகவரியை வரைபட நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பி, அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாக வாங்கி வரும் நிரலை நான்தான் எழுதினேன். அது நன்றாகவே வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வளர்மதி மில் தொழிலாளியின் மகள். ஜவுளிக்கடை ஒன்றில் பில் போட்டுக்கொண்டிருந்தவர், பதிவுகளைச் சரிபார்க்கும் வேலைக்கு எங்களிடம் சேர்ந்தார். மூன்றாவது நாள் திரையைக் காட்டி, "சார், இந்த ஒரே எடத்துல மட்டும் எப்படி இத்தன பேருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டார். அடுக்குமாடிக் குடியிருப்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. நடுரோட்டில் ஒரு சாக்கடை மூடி, பக்கத்தில் படுத்திருக்கும் நாய். கூடவே குரல் பதிவு: "சார், ஸ்கூட்டிய எடுத்துக்குனு அந்தப் புள்ளிக்கே வந்துட்டேன். இங்க யாருக்கும் ஒன்னும் இல்ல. நாயிகூட நல்லாத்தான் இருக்கு."

தெரு தெரியாவிட்டால் அந்த வரைபடச் சேவை ஊரின் நடுப்புள்ளியைக் கொடுத்துவிடுகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. விவரத்தைச் சொன்னேன். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லாதா அது?" என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அன்று மாலைக்குள் அந்தச் சாக்கடை மூடியில் குடியிருந்த அத்தனை பேருக்கும் போன் செய்துவிட்டார்.

இன்னொரு முறை, முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பெரியவர் தெருப்பெயரை எங்கள் ஊரின் பழைய வழக்கப்படி, தெரு என்பதற்கு 'ரூ' போட்டு பிரெஞ்சில் எழுதியிருந்தார். அதே பெயரில் பிரான்ஸிலும் ஒரு தெரு இருக்க, நிரல் புள்ளியை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டது. "சார், பிசியோதெரபிக்குப் போறவருக்கு பாஸ்போர்ட் இருக்கா?" என்றார் வளர்மதி. பெரியவரைக் கூப்பிட்டுச் சரியான தெருவை வாங்கியதோடு விடவில்லை. ஏன் அப்படி எழுதினார் என்றும் கேட்டார். பாரிஸில் இருக்கும் அக்காவுக்கு மாதாமாதம் கடிதம் எழுதும்போது அனுப்புநர் முகவரியை அப்படித்தான் எழுதுவாராம், கை பழகிவிட்டதாம். "மெர்சி மாதாம்னு பிரெஞ்சுலயே நன்றி சொன்னாரு சார்" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் வெட்கத்தோடு நினைத்துக்கொள்ளும் நாள் ஒன்று உண்டு. கதிர்காமம் ஆஸ்பத்திரியிலிருந்து அன்று காலைதான் வீட்டுக்கு அழைத்துவரப்பட்ட ஒருவருக்கு ஆக்சிஜன் மெஷின் போகவேண்டியிருந்தது. கையில் இருந்த சிலிண்டர் மாலைவரை தாங்காது. மகள் எழுதிய முகவரி: 'ஆஸ்பத்திரி பின்புறம், வாட்டர் டேங்க் தெரு.' நிரல் ஆஸ்பத்திரியின் மேலேயே புள்ளியை வைத்தது. வேன் ஓட்டுநர் பின்பக்கத் தெருக்களை எல்லாம் சுற்றிவிட்டு, டேங்க் எதுவும் கண்ணில் படவில்லை என்றார். மகளின் போன் அணைந்திருந்தது. தவறான முகவரி என்று குறித்துவிட்டு வேனைத் திருப்பச் சொன்னேன். அடுத்த வீட்டிலும் ஒரு நோயாளி காத்திருந்தார்.

"வேணாம் சார், ஒரு பத்து நிமிசம் நிக்கச் சொல்லுங்க" என்றார் வளர்மதி. பழைய பதிவுகளில் 'ஆஸ்பத்திரி பின்புறம்' என்று எழுதியவர்களை மட்டும் பிரித்தெடுத்தார். அவர்களில் மூன்று பேர் ஆஸ்பத்திரியை ஒட்டி இல்லை, வெகுதூரம் தள்ளி ஒரு புதுக் குடியிருப்பு நகரில் இருந்தார்கள். "இவங்க குடிவந்தப்ப நடுவுல வெறும் பொட்டல்தான் சார் இருந்திருக்கும். வாசல்ல நின்னா ஆஸ்பத்திரி ஒன்னுதான் தெரிஞ்சிருக்கும். அதான் பின்புறம்ங்கிறாங்க." மூவரில் ஒருவரைக் கூப்பிட்டார்.

"அக்கா, உங்க பக்கம் வாட்டர் டேங்க் தெருன்னு இருக்கா?"

"டேங்க்க போன வருசமே இடிச்சிட்டாங்கம்மா. தெருவுக்கு இன்னும் அதான் பேரு. ஏன், என்னா விசயம்?"

விவரம் கேட்டதும் அந்தப் பெண் பதறிவிட்டார். "அய்யோ, அந்தக் கோடி வீடும்மா. நானே போயி தெருமுனையில நிக்கிறேன், வண்டிய அனுப்பு."

மெஷின் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். அடுத்த பொங்கலுக்கு மகளோடு அலுவலகத்துக்கு வந்து ஒரு கட்டுக் கரும்பை இறக்கிவிட்டுப் போனார்.

வளர்மதி என்னைக் குத்திக்காட்டவில்லை. மறுநாள் ஒன்று மட்டும் கேட்டார். "சார், தவறான அட்ரஸ்னு ஒரு பட்டன் வச்சிருக்கீங்களே, அத மாத்தலாமா? நமக்குப் புரியலன்னு போடுங்க. தன் வீடு எங்க இருக்குன்னு யாருங்க தப்பா சொல்லுவாங்க?" மாற்றினேன். அந்தப் பட்டன் இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

உப்பளத்து வீட்டில் அன்பு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆட்டோல போனாலும் இப்படித்தான் சார். இந்தச் சந்துக்கு ஏன் இந்தப் பேருன்னு டிரைவர ஒரு வழி பண்ணிடுவா. நான்தான் சும்மா வாயேன்னு அதட்டுவேன்" என்றார்.

ஒரு வாரம் கழித்து வளர்மதியின் கணினியைத் திறந்தேன். திருத்திய முகவரிகளின் பட்டியல் இருந்தது. பழைய புள்ளி, புதுப் புள்ளி, தேதி. இவை நான் கேட்டவை. கடைசியில் நான் கேட்காத ஒரு கட்டத்தை அவரே சேர்த்திருந்தார். தலைப்பு, 'ஏன்'. 'மகன் டைப் பண்ணான், அவன் இருக்கிறது சென்னையில.' 'வாடகைக்கு இருக்காங்க, தெருவுல யாருக்கும் இவங்களத் தெரியாது, அதனால பக்கத்துக் கடை பேரு.' ஒவ்வொரு திருத்தத்துக்கும் இப்படி ஒரு வரி.

கடைசி வரிசையில் மட்டும் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. முகவரியில் நகரின் பெயர், அதன் கீழே 'முருங்கை மரம் இல்லாத வீடு.' வளர்மதி கடைசியாக வந்த அந்தச் சனிக்கிழமை வந்த, அவசரமில்லாத பதிவு. தெரியாதவர்களோடு போனில் பேசுவதென்றால் எனக்கு எப்போதும் கூச்சம். கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார். வழியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, ஏன் அப்படி எழுதினீர்கள் என்றும் கேட்டேன்.

"எங்க தெருவுல எல்லா வீட்லயும் முருங்க இருக்குதுங்க. எங்களுது புயல்ல வுழுந்துடுச்சு. மரமில்லாத வீடுன்னா சட்டுனு கண்டுபுடிச்சிடலாம்ல?" என்று சிரித்தார். பிறகு, "சனிக்கெழம ஒரு அம்மா பேசுனாங்க, தலவலிக்குது, அப்புறம் கூப்புடுறேன்னாங்க. அவங்களுக்கு இப்ப தேவலையா?" என்று கேட்டார்.

சொன்னேன். "அவங்க பேரு என்னாங்க?" என்றார்.

பெயரைச் சொன்னேன். போனை வைத்தபின் அவர் சொன்ன காரணத்தைக் காலிக் கட்டத்தில் அவர் வார்த்தையிலேயே எழுதினேன். வளர்மதியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கட்டத்தைத்தான். அதற்குப் பிறகு வந்த வரிசைகளிலும் அதைக் காலியாக விட்டதில்லை.