லண்டன் காருக்குப் பிரேக் குழாய்

கல்யாணத்துக்கு என் காரை நானே ஓட்டிக்கொண்டு போவேன் என்றபோது அம்மாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. மணப்பெண் பின் இருக்கையில் தலை குனிந்து வரவேண்டும், பட்டுச்சேலையோடு கியர் மாற்றக்கூடாது என்பது அவர் கட்சி. எனக்கோ லண்டன் சித்தப்பா பொத்திப் பொத்தி வைத்திருந்து தந்த அந்த நீலக் கார்தான் உயிர். அதற்கு என்னைவிட வயது அதிகம்.

ஒன்பது நாள் இருக்கையில் வாகனப் பரிசோதகர் அடியில் விளக்கடித்துப் பார்த்தார். பிரேக் எண்ணெய் போகும் குழாய்களெல்லாம் துரு, மாற்றாமல் தெருவில் இறக்கக்கூடாது என்று எழுதித் தந்தார். மறுபடி காட்ட அவர் தந்த டெர்மின், அதாவது தவணைநாள், கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை. அம்மா அன்றைக்கே ஒரு வெள்ளை லிமோசினைப் பதிவுசெய்துவிட்டு, வென்ற முகத்தோடு தேநீர் ஊற்றினார்.

நான் விடுவேனா? அந்த மாதிரிக் காருக்கென்றே வெட்டிய குழாய்களை இணையத்தில் பிடித்தேன். மூன்றாம் நாளே வந்தன. கெல்சென்கிர்ச்சனில் கராஜ் வைத்திருக்கும் தெரிந்த அண்ணை ஒருவர் காரை இழுவை வண்டியில் ஏற்றிப்போய், அதற்கு அடியில் நுழைந்தார். நான் வெளியே நின்று ஆடாத குறை. பிறகு மெல்ல வெளியே வந்தார்.

"தங்கச்சி, இது இஞ்ச ஓடுற இடப்பக்க ஸ்டியரிங் காருக்கு அளவெடுத்தது. உம்மட காருக்கு ஸ்டியரிங் வலப்பக்கம் எல்லோ. முன்குழாய் எட்டாது."

ஐந்து வருடமாக வலப்பக்கம் இருந்து ஓட்டுகிறேன். வாங்கும்போது மட்டும் அது மறந்துவிட்டது. அழவேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணையும் சிரித்தார், பாவம்.

சித்தப்பாவுக்குப் போன் அடித்தேன். லண்டன் காருக்கான குழாய்களை அங்கேயே வாங்கி, தபாலில் போட்டால் சுங்கத்தில் கிடக்கும் என்று, கல்யாணத்துக்கு வரவிருந்த சித்தியின் பெட்டிக்குள் வைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை அம்மா ஆசையாகப் பெட்டியைத் திறந்து ஒரு சேலையை விரித்தால், உள்ளே வளையம் வளையமாகச் செம்புநிறக் குழாய்கள். நான் அவற்றைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வீடெல்லாம் ஓடினேன்.

பழைய குழாயைப் பக்கத்தில் வைத்து, அதே வளைவில் அண்ணை புதியதைக் கையால் வளைத்துப் பூட்டினார். வியாழக்கிழமை பரிசோதகர் கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை, கல்யாணத்தன்று, லிமோசினில் சித்தி ஏறினார். என்னை நம்பாத அம்மா, காவலுக்கு என் பக்கத்தில் ஏறினார்.

டோர்ட்மண்டில் முதல் சிவப்பு விளக்கு. இடப்பக்கம் ஸ்டியரிங் இல்லாமல் இருந்த அம்மா இரண்டு காலாலும் தரையை ஓங்கி மிதித்தார். கார் குலுங்காமல் நின்றது. பக்கத்துக் காரில் இருந்தவர் கண்ணாடியை இறக்கி, ஸ்டியரிங் எங்கே என்று அம்மாவின் கைகளையே பார்த்தார். அம்மா அவருக்குக் கையசைத்தார்.

"பிறேக் நல்லாப் பிடிக்குது," என்றார், தானே பிடித்ததுபோல. மண்டபம் தெரிந்ததும் என் முழங்கையைத் தொட்டார்.

"நல்லநேரம் முடிய இன்னும் நேரம் கிடக்கு, பிள்ளை. ஒருக்காச் சுத்திப்போட்டு வருவம்."

வாசலில் மேளகாரரோடு காத்து நின்ற அத்தனை பேரையும் தாண்டி நேரே போனோம்.